ரிட்டயர் ஆன தலைவருங்க உலகத்துக்கு புத்தி சொல்லலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் பத்தின ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது போற போக்குல 'தி எல்டர்ஸ்' அமைப்புன்னு ஒரு வரி எழுதிட்டேன். அது என்ன அமைப்பு, அவங்க அப்படி என்ன கிழிச்சாங்க, நம்ம ஜனங்க சாகும்போது எங்க போயிருந்தாங்கன்னு ஏகப்பட்ட கேள்வி வந்து குமிஞ்சிருக்கு. அதனால இந்த தடவை சினிமா, கிரிக்கெட் கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

மதுரை வாசகர்: எல்டர்ஸ்னா யாரு சார்? ஐ.நா.வோட கிளையா? மண்டேலா ஆரம்பிச்சதுன்னு எழுதியிருந்தீங்க, ஆனா அதுல ஒரு ஏரோப்ளேன் கம்பெனி முதலாளி பேரும் அடிபடுதே?

ஐ.நா.வுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. எந்த அரசாங்கத்தையும் சேராத தனி அமைப்பு, ஆபீஸ் லண்டன்ல. 2007 ஜூலை 18, அன்னிக்கு மண்டேலாவுக்கு 89வது பிறந்தநாள், ஜோகன்னஸ்பர்க்ல வச்சு ஆரம்பிச்சாங்க.

நீங்க சொன்ன முதலாளி வர்ஜின் கம்பெனி ரிச்சர்ட் பிரான்சன். ஐடியா அவரோடதும் பாடகர் பீட்டர் கேப்ரியலோடதும்தான். ஊர்ல தகராறுன்னா ஆலமரத்தடியில பெருசுங்க உக்காந்து ரெண்டு தரப்பையும் கூப்ட்டு பேசுவாங்கல்ல, அதே மாதிரி உலகத்துக்கே ஒரு பத்துப் பன்னெண்டு பெருசுங்க இருந்தா எப்படி இருக்கும்னு ரெண்டு பேரும் பேசியிருக்காங்க. இதுக்கு பின்னாடி ஒரு கதையும் இருக்கு, பிரான்சன் பல இடத்துல சொல்லியிருக்கார். 2003 ஆரம்பத்துல ஈராக் மேல அமெரிக்கா பாயப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச நேரம், மண்டேலாவையும் அப்ப ஐ.நா. பொதுச்செயலாளரா இருந்த கோஃபி அன்னானையும் ஈராக் ஜனாதிபதி சதாம் உசேன்கிட்ட அனுப்பி, நீ பதவியை விட்டு இறங்கிடு, போரை நிறுத்திடலாம்னு பேச வைக்கணும்னு இவர் ஏற்பாடு பண்ணிட்டிருந்தாராம், அதுக்குள்ள குண்டு விழ ஆரம்பிச்சிடுச்சாம். நடந்திருந்தா சதாம் இறங்கியிருப்பாரான்னு கேட்டா எனக்கு சந்தேகம்தான். ஆனா ஒரு போன் போட்டா எடுக்கிற அளவுக்கு மதிப்பு உள்ள ஆளுங்க, அதே சமயம் எந்த நாட்டுக்கும் சேவகம் பண்ணாதவங்க, அப்படி ஒரு கூட்டம் தயாரா இருக்கணும்ங்கிற நெனப்பு அங்கேர்ந்து வந்ததுதான்.

மொத செட்ல மண்டேலா, அவர் மனைவி கிராசா மாஷேல், தென்னாப்பிரிக்க ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டு, அன்னான், கார்ட்டர், அயர்லாந்து முன்னாள் ஜனாதிபதி மேரி ராபின்சன், நார்வே முன்னாள் பிரதமர் க்ரோ ப்ருண்ட்லாண்ட், நம்ம குஜராத் இலா பட், வங்கதேசத்து முகமது யூனுஸ் எல்லாம் இருந்தாங்க. மண்டேலா பேருக்கு நிறுவனர், வயசாயிட்டதால பயணம் எல்லாம் போகல. முதல் தலைவர் டூட்டு, 2013ல அன்னான், அவர் 2018ல இறந்ததும் ராபின்சன், 2024 நவம்பர்லேர்ந்து கொலம்பியா முன்னாள் ஜனாதிபதி ஹுவான் மானுவல் சாண்டோஸ்.

ஒரே ஒரு கண்டிஷன் முக்கியம், இதை மனசுல வச்சுக்கங்க, கீழ வர்ற பதிலுக்கெல்லாம் தேவைப்படும். அரசாங்கப் பதவியில இருக்கறவங்க எல்டரா இருக்க முடியாது. பதவி வந்தா இந்த நாற்காலியை விட்டுடணும்.

சேலம் வாசகர்: பதவியில இருக்கும்போது செய்யாததை ரிட்டயர் ஆனப்புறம் செய்வாங்களா? ஏசி ரூம்ல உக்காந்து அறிக்கை விடறதுக்கு நோபல் பரிசு வாங்கினவங்க எதுக்கு?

கேள்வியில இருக்கற கோபம் நியாயமானதுதான், ஆனா ஏசி ரூம்னு சொன்னதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். அவங்க போன முதல் இடமே சூடான், 2007 அக்டோபர். அந்த நாட்டு மேற்குப் பக்கம் டார்ஃபூர்ல ஊர் ஊரா எரிஞ்சிட்டிருந்த சமயம். டூட்டு, கார்ட்டர், கிராசா மாஷேல், அல்ஜீரியாக்காரர் லக்தர் பிராஹிமி நாலு பேரும் போனாங்க. கப்காபியான்னு ஒரு ஊர்ல ஒரு பழங்குடித் தலைவரைப் பாக்கணும்னு கார்ட்டர் நடந்தே கெளம்பிட்டார், சூடான் செக்யூரிட்டி ஆபீசர் வந்து ப்ரோகிராம்ல இது இல்ல, போகக்கூடாதுன்னு மறிக்கிறான், இவர் நான் போவேன், உங்க ஜனாதிபதிகிட்டயே சொல்றேன்னு நடுத்தெருவுல சத்தம் போடறார். அப்ப கார்ட்டருக்கு 83 வயசு. கடைசில கூட வந்தவங்க சமாதானப்படுத்தி கூட்டிட்டுப் போனாங்க. டார்ஃபூர் சண்டை அதால நின்னுச்சான்னா, நிக்கல.

அடுத்த வருஷம் ஜிம்பாப்வே. 2008 நவம்பர்ல அங்க காலரா, பசி, ஜனாதிபதி முகாபேவுக்கும் எதிர்க்கட்சிக்கும் இழுபறி. அன்னான், கார்ட்டர், மாஷேல் மூணு பேரும் கெளம்பி ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் வந்துட்டாங்க, ஜிம்பாப்வே அரசாங்கம் விசா தரமாட்டேன்னுடுச்சு. யாருக்கு? ஐ.நா.வோட முன்னாள் பொதுச்செயலாளருக்கும் அமெரிக்காவோட முன்னாள் ஜனாதிபதிக்கும் மண்டேலாவோட மனைவிக்கும். அவங்க என்ன செஞ்சாங்கன்னா, திரும்பிப் போகாம அங்கயே தங்கி ஜிம்பாப்வே ஆளுங்களை வரவழைச்சு கேட்டு நிலைமை எவ்ளோ மோசம்னு உலகத்துக்கு சொன்னாங்க. சொல்லப்போனா அந்த விசா மறுத்த செய்தியே காலரா செய்தியை பெரிய பேப்பர்களோட முதல் பக்கத்துக்கு கொண்டு வந்துச்சு. அவங்க உள்ள போயிருந்தா கூட இவ்ளோ விளம்பரம் கிடைச்சிருக்குமான்னு தெரியல, முகாபே தன் கையாலேயே பண்ணிவிட்ட உபகாரம்.

2011 ஏப்ரல்ல வட கொரியா போனாங்க, அந்த நாட்டுத் தலைவர் கிம் ஜாங் இல் கடைசி வரைக்கும் நேர்ல பாக்கவே இல்ல. ஏர்போர்ட்டுக்கு கெளம்பின காரை திரும்ப கூப்ட்டு, தென் கொரியத் தலைவரோட பேசத் தயார்னு ஒரு செய்தியை மட்டும் வாசிச்சுக் காட்டி அனுப்பிட்டாங்க. அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல.

ஆக ஸ்கோர் போர்டு வச்சு பாத்தா அவ்ளோ பிரமாதம் இல்ல. இவங்ககிட்ட ராணுவம் இல்ல, வீட்டோ இல்ல, கடன் கொடுக்கவோ நிறுத்தவோ காசு இல்ல. மத்தவன் கேட்டா கேப்பான், கேக்கலன்னா இவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அதே காரணத்தாலதான் சில கதவு இவங்களுக்கு தொறக்கவும் செய்யுது, மிரட்ட முடியாத ஆளை உள்ள விடறதுல யாருக்கும் பயம் இல்லையே.

திருச்சி வாசகி: ஆங் சான் சூகி கூட இதுல மெம்பரா இருந்தாங்களாமே? ரோஹிங்கியா விஷயம் வந்தப்போ தூக்கிட்டாங்களா?

தூக்கல, அதுக்கு முன்னாடியே அவங்க வெளிய போயிட்டாங்க. 2007 தொடக்க விழா மேடையில ஒரு காலி நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க, அது மியான்மர்ல ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடின சூகிக்கு, ஏன்னா அவங்க அப்ப யாங்கூன்ல வீட்டுக்காவல்ல இருந்தாங்க. 2010 நவம்பர்ல வெளிய வந்தாங்க, 2012 ஏப்ரல்ல இடைத்தேர்தல்ல ஜெயிச்சு பார்லிமெண்ட் போனாங்க, அந்த பதவி கண்டிஷன் இருக்கே, அதனால எல்டர்ஸ் லிஸ்ட்லேர்ந்து பேர் போயிடுச்சு.

2017 ஆகஸ்ட்ல மியான்மரோட ராக்கைன் மாநிலத்துல ராணுவம் பூந்து ஏழு லட்சத்துக்கும் மேல ரோஹிங்கியா முஸ்லிம் ஜனங்க வங்கதேசத்துக்கு ஓடினப்போ சூகிதான் அரசாங்கத்துக்கே முகம். அப்ப டூட்டுவுக்கு 85 வயசு, பொது வாழ்க்கையே போதும்னு எப்பவோ ஒதுங்கிட்டவர், ஆனா பொறுக்க முடியாம அன்பான தங்கச்சின்னு கூப்ட்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உனக்கு நடந்த அநியாயம் மறந்துடக்கூடாதுன்னு உன் போட்டோவை வருஷக்கணக்கா என் மேஜையில வச்சிருந்தேன், பெரிய பதவிக்கு நீ குடுக்கற விலை உன்னோட மௌனம்னா அந்த விலை ரொம்ப அதிகம்மா, இதான் அதோட சாரம். சூகி கேக்கல. 2019 டிசம்பர்ல ஹேக்ல இருக்கற உலக நீதிமன்றத்துக்கே நேர்ல போய் மியான்மர் சார்பா வாதாடினாங்க. 2021 பிப்ரவரில அதே ராணுவம் அவங்களையே பிடிச்சு உள்ள போட்டுச்சு.

எனக்கு இதுல புடிச்சது டூட்டு செஞ்சதுதான். எதிரியைக் கண்டிக்கறது சுலபம், யாரும் பண்ணுவாங்க. கூட இருந்த ஆளை, அதுவும் நாம கொண்டாடின ஆளை நாலு பேர் முன்னாடி கேள்வி கேக்கறதுக்கு வேற தைரியம் வேணும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: பான் கி மூன் இப்ப எல்டர்ஸ் அமைப்பில பெரிய ஆளாம். 2009இல எங்கட சனம் வன்னியில சாகேக்க ஐ.நா.வின்ட தலையில இருந்தவர் அவர்தானே? அவரை அறநெறித் தலைவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

வந்த கேள்வியிலயே இதுக்குத்தான் ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சேன். நழுவாம சொல்லப் பாக்கறேன்.

முதல்ல பானை விட்டுட்டு அமைப்பைப் பாப்போம். 2008 மே மாசம் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் சீட்டுக்கு இலங்கை போட்டி போட்டப்போ அந்த நாட்டுக்கு ஓட்டு போடாதீங்கன்னு வெளிப்படையா சொன்னவங்கள்ல டூட்டுவும் கார்ட்டரும் உண்டு, இலங்கை தோத்துச்சு. அது அவங்க தனிப்பட்ட முறையில பேசினது. அமைப்பா எல்டர்ஸ் 2010 ஆகஸ்ட்ல ஒரு அறிக்கை விட்டுச்சு, போர் முடிஞ்சப்புறமும் இலங்கையில விமர்சிக்கிறவங்களை மிரட்டறது, காணாம போகடிக்கறது, பத்திரிகைக்காரங்களைக் கொல்றது நடக்குது, உலகம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்குன்னு. பேச்சு காரமாதான் இருந்துச்சு. ஆனா தேதியைப் பாருங்க, முள்ளிவாய்க்கால் முடிஞ்சு 15 மாசம்.

அப்புறம் 2014ல ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆபீஸ் இலங்கை பத்தி விசாரணை நடத்தினப்போ ஆலோசனை சொல்ல மூணு நிபுணர்களைப் போட்டாங்க, அதுல ஒருத்தர் எல்டர்ஸ்ல இருந்த பின்லாந்து முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி. இன்னொருத்தர் பாகிஸ்தான் வக்கீல் அஸ்மா ஜஹாங்கீர், அவங்க தங்கச்சி ஹினா ஜிலானி எல்டர். 2015 செப்டம்பர்ல அந்த ரிப்போர்ட்டை வெளியிட்டு வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்த தனி நீதிமன்றம் வேணும்னு சொன்ன ஆணையர் செயித் ராத் அல் ஹுசைன், அவர் 2019ல எல்டர் ஆனார். அந்த நீதிமன்றம் இன்னிவரைக்கும் வரல, உங்களுக்கு நான் சொல்லணுமா.

இப்ப பான். 2009 மே 23, போர் முடிஞ்ச அஞ்சாவது நாள், வவுனியா மெனிக் பாம் முகாமுக்கு வந்துட்டுப் போனார். அவர் போட்ட நிபுணர் குழு 2011ல, கடைசிக் கட்டத்துல 40,000 பொதுமக்கள் வரைக்கும் செத்திருக்கலாம்னு சொல்லிச்சு. ஐ.நா. தன் பங்குக்கு என்ன செஞ்சதுன்னு உள்ளுக்குள்ளயே ஒரு விசாரணை வைக்கச் சொன்னதும் அவர்தான், அது 2012 நவம்பர்ல வந்துச்சு. வன்னியில ஐ.நா. ஆளுங்க 2008 செப்டம்பர்லயே கெளம்பிட்டாங்க, சாவு எண்ணிக்கை கையில இருந்தும் வெளிய சொல்லல, அமைப்பு மொத்தமா தோத்துப் போச்சுன்னு அதுல எழுதியிருந்துச்சு. பான் அதை வெளியிட்டார். 2016 செப்டம்பர்ல கொழும்புல பேசும்போது 1990கள்ல ஐ.நா. தடுக்காம விட்ட ருவாண்டா, ஸ்ரெப்ரெனிட்சா படுகொலைகள் பேரைச் சொல்லி, நாங்க இன்னும் தீவிரமா இறங்கியிருந்தா இங்க நெறைய உயிரைக் காப்பாத்தியிருக்கலாம்னு அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார். அடுத்த வருஷம் எல்டர் ஆனார்.

ஒத்துக்கிட்டதால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், புள்ளைங்களைத் தொலைச்ச தாய்மார் வடக்குல இன்னும் ரோட்டோரம் பந்தல் போட்டு உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட போய் பான் வருத்தப்பட்டுட்டார்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா ஒண்ணு இருக்கு, இப்ப தலைவரா இருக்கற சாண்டோஸும் கறையே படாத ஆள் இல்ல. அவர் பாதுகாப்பு அமைச்சரா இருந்த காலத்தையும் சேர்த்து 2002லேர்ந்து 2008 வரைக்கும் கொலம்பிய ராணுவம் 6,402 சாதாரண ஜனங்களைக் கொன்னு கெரில்லான்னு கணக்கு காட்டிச்சுன்னு அந்த நாட்டு அமைதி நீதிமன்றமே சொல்லியிருக்கு. 2021ல உண்மை ஆணையம் முன்னாடி உக்காந்து அவர் மன்னிப்பு கேட்டார். அதே ஆளுதான் ஜனாதிபதியானப்புறம் கெரில்லாங்களோட 50 வருஷத்துக்கு மேல நடந்த சண்டையை 2016ல ஒப்பந்தம் போட்டு முடிச்சவர். பெரிய நாற்காலியில உக்காந்தவங்களைத்தான் எடுப்போம்னா கறையோடதான் வருவாங்க, அதுக்கு வழியில்ல. என்னோட கணக்கு இதுதான்: கறையைப் பத்தி பேசறாரா இல்ல மூடி மறைக்கறாரா, அடுத்த தடவை அதே மாதிரி நடக்கும்போது சீக்கிரமா வாயைத் தொறக்கறாரா. 2025 ஆகஸ்ட்ல மேரி ராபின்சனும் நியூசிலாந்து முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க்கும் எகிப்து பக்கத்துலேர்ந்து ரஃபா எல்லை வரைக்கும் போய் பாத்துட்டு, காசாவுல நடந்துட்டிருக்கறது இனப்படுகொலைன்னு சொன்னாங்க, போர் நடந்துட்டிருக்கும்போதே. உங்க ஜனத்துக்கு அந்த வார்த்தை அந்த நேரத்துல கிடைக்கல. அந்தக் கோபத்தை விடாதீங்க.

கோயம்புத்தூர் வாசகர்: காசு யாரு குடுக்கறா? அதை சொல்லுங்க முதல்ல.

கோயம்புத்தூர்க்காரர் கேப்பார்னு தெரியும். ஆரம்பத்துல பிரான்சன், கேப்ரியல், அவங்க சேர்த்துவிட்ட பணக்கார நன்கொடையாளர்கள், அப்புறம் சில அறக்கட்டளைகள். பிரிட்டன்ல அறக்கட்டளையா பதிவு பண்ணியிருக்கறதால வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணும், யார் வேணா பாக்கலாம். கோடீஸ்வரன் காசுல நியாயம் பேசினா கோடீஸ்வரன் பத்தி நியாயம் பேசுவாங்களான்னு கேட்டீங்கன்னா, அந்த உறுத்தல் எனக்கும் உண்டு. அரசாங்கக் காசு வாங்கினா வேற உறுத்தல், அவ்ளோதான் வித்தியாசம்.

புதுக்கோட்டை கல்லூரி மாணவி: இந்தியாவுக்கு இவங்களால ஏதாவது நடந்துச்சா? நான் எப்படி இதுல சேர்றது?

சேர முடியாதும்மா, விண்ணப்பம் எல்லாம் கிடையாது, இருக்கறவங்களே பாத்து கூப்டணும். ஆனா இந்தியா பக்கம் நடந்தது உங்களுக்குப் புடிக்கும்னு நெனைக்கறேன், ஏன்னா அந்த கூட்டத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்ச ஆள் இலா பட்தான்.

அவங்க எந்த நாட்டுக்கும் தலைவரா இருந்ததில்ல. அகமதாபாத் வக்கீல். தலைச்சுமை தூக்கறவங்க, காய்கறி விக்கறவங்க, பீடி சுத்தறவங்க, வீட்லயே துணி தைக்கறவங்க, இவங்களை எல்லாம் சட்டம் தொழிலாளின்னே கணக்குல எடுக்காத காலத்துல 1972ல சேவா சங்கம் ஆரம்பிச்சாங்க. 1974ல அந்தப் பொம்பளைங்களே ஆளுக்கு 10 ரூபா போட்டு, 4,000 பேர் சேர்ந்து சொந்தமா ஒரு பேங்க் தொறந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு பேங்க்கான்னு ஊரே சிரிச்சிச்சு. அந்த பேங்க் இன்னிக்கும் ஓடுது. மத்த எல்டர்ஸ்ல பல பேர் ஜனாதிபதி, பிரதமர், பொதுச்செயலாளர்னு மேலேர்ந்து வந்தவங்க, இவங்க தெருவுலேர்ந்து வந்தவங்க. 2022 நவம்பர்ல காலமானாங்க.

2011ல எல்டர்ஸ் குழந்தைத் திருமணத்துக்கு எதிரா 'கேர்ள்ஸ் நாட் ப்ரைட்ஸ்'னு ஒரு கூட்டமைப்பை ஆரம்பிச்சாங்க. 2012 பிப்ரவரில டூட்டு, இலா பட், ப்ருண்ட்லாண்ட், ராபின்சன் நாலு பேரும் பீகார் கிராமத்துக்கு வந்து, குழந்தைத் திருமணம் பண்ணிக்க மாட்டோம்னு உறுதிமொழி எடுத்துக்கிட்ட பசங்க பொண்ணுங்களோட உக்காந்து பேசினாங்க. 2013ல அந்த கூட்டமைப்பைத் தனியா விட்டுட்டாங்க, எல்டர்ஸ் பேர் போட்டுக்கிட்டு சொந்தம் கொண்டாடல, இன்னிக்கு நூத்துக்கும் மேல நாடுகள்ல 1,400க்கும் மேல அமைப்புங்க அதுல இருக்கு. என்னைக் கேட்டா சூடான், கொரியா பயணத்தை எல்லாம் விட இவங்க செஞ்ச உருப்படியான வேலை இதுதான்.

20லேர்ந்து 24 வயசு இந்தியப் பொண்ணுங்கள்ல 18க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்க 2005-06 குடும்ப நலக் கணக்கெடுப்புல 47 சதவீதம், 2019-21ல 23 சதவீதம். இந்தக் குறைவை யாரும் தன் கணக்குல எழுதிக்க முடியாது, ஸ்கூல் பொண்ணுங்களுக்கு சைக்கிள் குடுத்தது, ஸ்கூல் வந்தது, சட்டம், உள்ளூர் அமைப்புங்க, அம்மாமார் சண்டை போட்டது எல்லாம் சேர்ந்ததுதான். அதே 2019-21 கணக்குல பீகார்ல 40.8 சதவீதம். தமிழ்நாடு ரொம்ப ஒழுங்குன்னு நெனைச்சுடாதீங்க, நம்மகிட்டயும் 12.8 இருந்துச்சு, அதாவது எட்டுல ஒரு பொண்ணு.

சேர்றது எப்படின்னு கேட்டீங்கல்ல, லண்டனுக்கு லெட்டர் போட வேணாம். உங்க தெருவுல பதினாறு வயசுப் பொண்ணுக்கு பூ வைக்கற பேச்சு காதுல விழுந்தா குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு போன் போடுங்க, காசு கிடையாது, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, நீங்க யாருன்னு சொல்லணும்னு கட்டாயமும் இல்ல.